பொன்னுசாமி ஒருவரா, இருவரா?

ஆள் ஒருவர்தான். ஆனால் துணிக்கடைக் கம்ப்யூட்டரில் அவர் இருவர்! தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு இரண்டு வாழ்த்து அட்டைகள் வருகின்றன. ஒன்று பிரெஞ்சு எழுத்துப் பொன்னுசாமிக்கு. மற்றொன்று ஆங்கில எழுத்துப் பொன்னுசாமிக்கு.

புதுச்சேரியில் இது சுலபமாக நடக்கக்கூடியது. ‘உ’ என்ற ஓசைக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் போதும். பிரெஞ்சில் இரண்டு எழுத்து வேண்டும். ‘சாமி’க்கு முன் பிரெஞ்சில் ‘எஸ்’ இரண்டு போடுவார்கள். ஒன்று போட்டால் ‘ஜாமி’ போல ஒலித்துவிடுமாம்! 1954 நவம்பர் 1-ந் தேதி புதுவை நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படி இணைப்பும் முடிந்தது. ஆனால் பழைய எழுத்து போய்விடவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் பாஸ்போர்ட்டில் அது இன்றும் இருக்கிறது.

ஊசி போடும் இடத்தில்...

இரண்டு வாழ்த்து வந்தால் கடைக்காரருக்குத் தபால் செலவுதான். ஆஸ்பத்திரியை எண்ணிப் பாருங்கள். ‘இவருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது’ என்ற குறிப்பு ஒரு பதிவில் இருக்கிறது. டாக்டர் திறந்து பார்ப்பதோ மற்றொன்றை. அதில் குறிப்பே இல்லை! உயிருக்கே ஆபத்து.

ஓசையைப் பிடிக்கும் வழி

இதற்கு ஒரு பழைய வித்தை உண்டு. பெயர் ‘சவுண்டெக்ஸ்’. அமெரிக்கரான ராபர்ட் ரஸ்ஸல் 1918-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வரும் உயிர் எழுத்துக்களைத் தள்ளிவிட வேண்டும். ஒன்றுபோல் ஒலிக்கும் எழுத்துக்களுக்கு ஒரே எண். இரட்டித்து வந்தால் ஒன்றாகவே கணக்கு.

இப்போது வழங்கும் முறைப்படி போட்டுப் பார்த்தால், இரண்டு பொன்னுசாமிக்கும் முதல் எழுத்து ஒன்றே. எண்ணும் ஒன்றே: 525! சுப்பராயனைப் பிரெஞ்சில் ‘சுப்ராயேன்’ என்பது போல எழுதினாலும் எண் 165-தான். புதுப் பெயரை எழுதும்போதே, ‘இந்த ஓசையில் ஒருவர் இருக்கிறாரே, இவர்தானா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டுவிடும். இரண்டாவது பதிவு பிறக்கவே பிறக்காது.

ஆனால் கந்தசாமியிடம் இந்த வித்தை தோற்கிறது. ஆங்கிலத்தில் அவருக்கு முதல் எழுத்து ‘கே’. பிரெஞ்சில் ‘சி’. பின்னால் வரும் 532 ஒன்றாக இருந்தும் ஆள் தப்பிவிடுகிறார்!

பெயர் பொருந்தியதும் இரண்டு பதிவையும் ஒன்றாக்கிவிடலாமா? கூடவே கூடாது. ஒரே தெருவில் நிஜமாகவே இரண்டு பொன்னுசாமிகள் இருக்கலாம். டெலிபோன் நம்பரும் போதாது. ஒரே நம்பரை வீடு முழுவதும் கொடுப்பார்கள். பிறந்த தேதியையும் தகப்பனார் பெயரையும் கேட்பதே நல்லது. கேட்க அரை நிமிஷம் ஆகாது.

ஓசைக்கே எட்டாத பெயர்களும் உண்டு. 1881 செப்டம்பர் 21-ந் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சொந்த சமூகச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். புதுவை வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, ‘லாப்போர்த்’ ஆனார். பிரெஞ்சில் அதற்குக் ‘கதவு’ என்று பொருள். பொன்னுத்தம்பியையும் லாப்போர்த்தையும் எந்த ஓசைக் கணக்கு சேர்க்கும்? பேரேட்டில் ‘முந்தைய பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தால்தான் உண்டு.