சாவச்சமும் சார்பும்

முத்தியால்பேட்டைக்கு அணித்தாகிய கருவடிக்குப்பத்தில் இரண்டு இடங்கள் உள. ஒன்று சுடலை, மற்றொன்று, 1837-ஆம் ஆண்டிற் சமாதியடைந்த சித்தானந்த சுவாமிகள் திருக்கோயில். 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியாரும் இக்கோயிலைப் பாடியுள்ளார். கோயிலுக்கு விரும்பிச் செல்வோர் பலர். அவருள்ளும் சுடலைப் பக்கம் நோக்க மனமில்லாதவர் பலர். இரண்டும் உயிர் நீங்கிய உடலுக்கே இடந்தந்தனவாகவும், ஒன்றில் அன்பும் மற்றொன்றில் அச்சமும் எழுவானேன்?

இவ்வினாவை அடியேன் நூல்வழி மட்டும் எழுப்பினேனல்லேன். உடன்பயின்ற நண்பர் ஒருவரை அச்சுடலையில் விட்டு மீண்ட இரவு, உறக்கமின்றி நெஞ்சு நடுங்கிற்று. திருமடத்திற் பாடங்கேட்ட நாள்முதல் சிவஞானபோதத்தை ஓதியும் ஓதுவித்தும் வந்தவனுக்கு இந்நடுக்கம் ஏன்? நாணத்தோடுதான் இதனை எழுதுகின்றேன்.

உயிர் உடலின் வேறென்பதற்கு மெய்கண்டார் மூன்றாஞ் சூத்திரத்திற் காட்டும் ஏதுக்களுள் ஒன்று நம் நாவிலேயே உள்ளது. ‘என் மனை’ என்பான் மனையாகான். அவ்வாறே ‘என் உடல்’ என்பானும் உடலாகான். பிணியுற்ற காலத்து ‘என் உடல் நலிந்தது’ என உடலை உடைமையாகவே பேசுகின்றோம். சாவை நினைந்தவழி மட்டும் ‘நான் அழிவேன்’ என்கின்றோம். உடைமையின் கேட்டை உடையவன் கேடாகக் கொள்ளும் இவ்விடமே அச்சம் புகும் வாயில். பாம்பு தோலுரித்தலும், நனவை மறந்து கனவிற் புகுதலும் உயிர் உடல்மாறுதற்கு இரண்டாஞ் சூத்திரத்துட் கூறப்பட்ட உவமைகளாம்.

இப்பகுப்பு ஏட்டளவில் நில்லாது ஒருவர்க்கு அனுபவமாயிற்று. 1896-இல் மதுரையில், 16 வயதினராகிய வேங்கடராமன் என்பாரைப் பிணியேதுமின்றியே சாவச்சம் பற்றிற்று. அவர் மருத்துவரையோ உறவினரையோ அழைத்திலர். பிணம்போல் விறைத்துக் கிடந்து, மூச்சடக்கி, இதழ்மூடி, இவ்வுடலைக் கொண்டுபோய்ச் சுட்டபின் தாமும் இல்லையாவரோ என உள்ளே ஆராய்ந்தார். அச்சம் அன்றே அகன்றது. அவ்வாண்டே திருவண்ணாமலை அடைந்து, பின் ரமண மகரிஷி எனப் பெயர்பெற்ற அவர், 1950 ஏப்ரலில் புற்றுநோயால் உடல் நீங்குங்காலும் கலங்கினாரல்லர். அவர் கண்ட முடிபு நம் சித்தாந்தத்தோடு எத்துணை ஒக்கும் என்பது வேறு வழக்கு, ஈண்டு வேண்டா.

ஆயின், அவர்க்கு ஒரு பொழுதில் நீங்கியது நமக்கு ஓதியும் நீங்காமை என்னை? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது. செம்மலரைச் சார்ந்த பளிங்கு சிவந்து தோன்றுமாறு போல. அறுபது ஆண்டு உடலையும் மனைமக்களையும் சார்ந்து கிடந்த உயிர், அவை நீங்குமென்றவழி நடுங்குதல் இயல்பே. அதனைக் கோழைமை என இகழ்தல் தகாது. எட்டாஞ் சூத்திரம், ஐம்புல வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த மன்னன் மகனைக் காட்டுகின்றது. நீ வேடனல்லை என்று அவனுக்கு உணர்த்துதல் ஒரு பாதியே. அவன் வேடரை விட்டுத் தந்தையை அடைதல் மற்றைப் பாதி. அடியேன் முற்பாதியை மனப்பாடம் செய்து, பிற்பாதியைக் கடைசி மூச்சிற்கு வைத்திருந்தேன். திருக்கோயிலில், இறைவனைச் சார்ந்தார் ஒருவரைக் காண்கின்றோம்; சுடலையில், நாம் சார்ந்திருப்பது எரியக் காண்கின்றோம். அன்பும் அச்சமும் வேறுபட்டது அதனால் என்க.

இப்பொழுது கோயிலுக்குச் செல்லும் நாளிற் சுடலை வாயிலிலும் சிறிது நின்று, ஐந்தெழுத்தை நினைந்து மீள்கின்றேன். நடுக்கம் முற்றும் ஒழிந்திலது. கால் மட்டும் முன்போல் விரைவதில்லை.