உங்களுக்குத் தெரியுமா?

இலங்கையின் சீனன்குடாவில் இருந்து குரோம் உலாவியில் ஓர் இணையத்தளத்தைத் திறந்தால், அந்த உலாவி தளத்திடம் தன்னை முதலில் ‘மொசில்லா/5.0’ என்றுதான் அறிமுகம் செய்யும். குரோம் மட்டுமல்ல, சபாரியும் எட்ஜும் அப்படித்தான்!

● 1990களில் பல தளங்கள் நெட்ஸ்கேப் உலாவிக்கு மட்டுமே தங்கள் முழுப் பக்கத்தையும் காட்டின. அதன் அடையாளப் பெயர் மொசில்லா. பின்னால் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அந்தப் பெயரைச் சொல்லியே உள்ளே நுழைந்தது. நெட்ஸ்கேப்புக்கான ஆதரவு 2008இல் நின்றுவிட்டது. பொய் மட்டும் நிற்கவில்லை.

● சென்னையிலும் இலங்கையிலும் நேரம் ஒன்றே. ஆனாலும் உலாவியிடம் நேர வலயத்தைக் கேட்டால் ‘ஏசியா/கொழும்பு’ என்று சொல்லிவிடும். முழு இலங்கைக்கும் அந்த ஒரு பெயர்தான். கைத்தொலைபேசியின் மொழி இலங்கைத் தமிழ் என்றால் அதுவும் போய்ச் சேரும். திரை அளவு, எழுத்துருக்கள் எல்லாம் கூடவே.

● இந்தத் துணுக்குகளைச் சேர்த்தாலே ஆளைப் பிரித்தறியலாம். பெயர் தேவையில்லை. அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 4,70,161 உலாவிகளில் 83.6 சதவீதத்துக்கு இன்னொரு ஒத்த உலாவி இருக்கவில்லை.

● 2023 முதல் அன்ட்ரொய்ட் குரோம், அறிமுக வரியில் கைத்தொலைபேசியின் மாதிரியைச் சொல்வதில்லை. எந்தப் புதிய கைத்தொலைபேசி என்றாலும் ‘அன்ட்ரொய்ட் 10, கே’தான்.

● இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை இனங்காட்டும் இணைய அடையாளத்தையும் தனிப்பட்ட தரவாகவே கணக்கில் எடுக்கிறது.