ஏழு ஷாம்பூவும் ஒரு நடவும்

கிணற்றடித் திண்டில் ஏழு ஷாம்பூ பாட்டில்களை வரிசையாக வைத்துவிட்டு, "இதுல எது மாமா நல்லது?" என்று கேட்டாள் அக்கா மகள். தக்கலைப் பக்கம் வீடு. பிறவியிலேயே சுருட்டை முடி. அவள் அம்மாவுக்கும் அப்படித்தான், எங்கள் ஆச்சிக்கும் அப்படித்தான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு கல்யாணத்தை முன்னிட்டு பியூட்டி பார்லரில் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொண்டாள். முதல் மாதம் பட்டாக விழுந்தது. பிறகு? "தும்பு மாதிரி ஆயிட்டு மாமா. சீப்பு எறங்க மாட்டேங்கு." ஏழு பாட்டில்களிலும் ‘ரிப்பேர்’ என்றோ ‘கெரட்டின்’ என்றோ ‘வெங்காயம்’ என்றோ கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இங்க் ஃபில்லர் இருந்தா எடுத்துட்டு வா மக்ளே" என்றேன்.

எண்ணெய் இல்லாமல் குளித்து உலர்ந்த தலை. ஒரு கற்றையைப் பிரித்து எவர்சில்வர் தட்டின் மேல் பரப்பச் சொன்னேன். உச்சியை ஒட்டி நாலு விரல் நீளத்துக்குப் புதுமுடி. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில், பார்லருக்குப் போன பிறகு முளைத்தது. அது பழையபடி சுருண்டிருந்தது. அதற்குக் கீழே நேராக்கிய முடி. புதுமுடியில் ஃபில்லரால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சேம்பிலையில் விழுந்த மழைத்துளி போல உருண்டு நின்றது. நாலு விரல் தள்ளி நேராக்கிய பகுதியில் இன்னொரு சொட்டு. விழுந்த கணத்தில் படர்ந்து உள்ளே போய்விட்டது.

ஒரே தலை, ஒரே முடி, ஒரே ஷாம்பூ. ஆனால் இரண்டு நிலம். அவள் கேள்விக்கான பதில் இந்த இரண்டு சொட்டுகளில் இருக்கிறது.

முடியின் மேல் செதில்கள் அடுக்கியிருப்பது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. அந்தச் செதில்களின் மேலே ஒற்றை மூலக்கூறு கனத்தில் ஒரு கொழுப்புப் படலம் உண்டு. 18-மெத்தில் ஐகோசனோயிக் அமிலம் என்று பெயர். நாம் தேய்க்கிற எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முடி உருவாகும்போதே கந்தகப் பிணைப்பால் கட்டப்பட்டு வருவது. சாதாரண ஷாம்பூ அதை ஒன்றும் செய்யாது. சேம்பிலை போல நீரை உருட்டி விடுவது இதன் வேலை.

பார்லரில் பூசுகிற கிரீம் தயோகிளைகோலேட் வகை. காரத்தன்மை (pH) 9-ஐத் தாண்டும். முடிக்குள் புகுந்து, சுருளைப் பிடித்து வைத்திருக்கும் கந்தக இணைப்புகளை அறுப்பது அதன் நோக்கம். உள்ளே போகிற வழியில் அந்தக் காரம் வாசலில் இருக்கும் கொழுப்புப் படலத்தையும் உரித்துவிடுகிறது. இரும்புத் தகட்டால் சூடு காட்டி நேராக்கிய பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி அறுந்த இணைப்புகளை மறுபடி கோக்கிறார்கள். எல்லாம் திரும்பக் கூடுவதில்லை. சில ஆக்சிஜனேற்றம் அடைந்து சல்ஃபோனேட் ஆகிவிடும். அது எதிர்மின்னூட்டம் சுமக்கும் இடம். இனி எப்போதும் அப்படியே. சில நாடுகளில் புழங்கும் சோடியம் ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர் காரத்தில் இன்னும் கடுமை, 12-க்கு மேல்.

முடி உயிரற்ற பொருள். உரிந்த படலம் திரும்ப முளைக்காது. ‘ரிப்பேர்’ என்ற சொல்லை எந்தப் பாட்டிலில் பார்த்தாலும் நான் நம்பாததற்குக் காரணம் இது. ‘வறண்ட முடிக்கு ஈரப்பதம்’ என்பதும் அப்படித்தான். கெட்டுப்போன முடியில் நீர் குறைவில்லை. மழைநாளில் நல்ல முடியைவிட அதிகமாகவே குடிக்கும். வறட்சி என்று விரலுக்குத் தெரிவது சொரசொரப்பு.

சொரசொரப்புக்கு மருந்து கண்டிஷனரில் இருக்கிறது. அது வேலை செய்யும் விதம் எனக்கு எத்தனை தடவை நினைத்தாலும் அலுக்காதது.

கண்டிஷனரின் முக்கிய மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு நீண்ட வால். தலையில் நேர்மின்னூட்டம். வால், கொழுப்புச் சங்கிலி. பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு என்றால் 22 கார்பன் நீளம், செட்ரிமோனியம் குளோரைடு என்றால் 16. எதிர்மின்னூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே தலை போய் ஒட்டிக்கொள்ளும், வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நாஞ்சில் நாட்டில் பிறந்தவனுக்கு இதைக் கேட்டதும் நடவுதான் கண்ணில் வரும். தலைதான் வேர், வால்தான் தாள். சேறு இருக்கும் இடத்தில் நாற்று நிற்கும், பாறையில் நிற்காது. நல்ல முடி பாறை. அங்கும் இங்கும் சில நாற்றுகள் பிடிக்கும். நேராக்கிய முடி தொளியடித்த வயல். எங்கே படலம் அதிகம் உரிந்ததோ அங்கே அடர்த்தியாக நடவாகும். யாரும் கை காட்ட வேண்டியதில்லை. கெட்ட இடத்தை, அது கெட்டதனாலேயே, மருந்து தேடிக் கண்டுபிடிக்கிறது. இதற்கு மூளை வேண்டாம், கண் வேண்டாம். மின்னூட்டம் போதும்.

நட்டு முடிந்ததும் நாம் தண்ணீர் ஊற்றி அலசுகிறோம். மழை மாதிரி. வேர் பிடிக்காதவை மிதந்து போகும், பிடித்தவை நிற்கும். இளநாற்றின் மேல் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அத்தனையும் ஒருபக்கமாக வளைந்து கைக்கு வழிவிடும். சீப்பு இறங்குவதும் அப்படித்தான். பல் முடியைத் தொடுவதில்லை, தாளின் மேல் வழுக்கிப் போகிறது. நெருக்கி நட்டால் வயல் சாய்வதுபோல, உச்சி வரை அப்பினால் முடி படிந்து தொங்கும். ஆகவே காதுக்குக் கீழிருந்து நுனி வரை மட்டும், ஒன்றிரண்டு நிமிடம். புதுமுடிக்கு அது தேவையில்லை.

அடுத்த முறை ஷாம்பூ போடும்போது அறுவடை. ஷாம்பூவின் நுரைப்பொருள் எதிர்மின்னூட்டம் கொண்டது. நாற்றின் வேரோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். கன்னிப்பூ போகம் முடிந்தால் கும்பப்பூ போகத்துக்கு மறுபடி நடத்தானே வேண்டும்? ஒரு பூ நட்டதை வைத்து ஆயுசு முழுக்க அறுக்க முடியாது. இந்த நாற்று வளராது, கதிர் விடாது, மண்ணைத் திருத்தாது. ஒரு குளியலுக்கும் அடுத்த குளியலுக்கும் நடுவில் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு நாளும் முடி அறுந்து விழாமல் காப்பாற்றும்.

இனி களை. அவள் வீட்டுக் கிணற்றில் சோப்பு நுரைக்காது. நாகர்கோவிலுக்கு முக்கடல் அணையில் தேங்கும் மழைநீர் வருகிறது. கடலோரத்துக் கிணறுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அவள் வீட்டுக் கிணற்றுக்கும் இல்லை. கடினநீரில் இருக்கும் கால்சியத்துக்கும் நேர்மின்னூட்டம்தான். நாற்று போக வேண்டிய இடத்தில் அது முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி மழைநீர் பிடித்து வைக்கச் சொன்னேன். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் அது முடியாத காரியமில்லை.

வரலாறு கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஷாம்பூ என்ற சொல் அமுக்கிப் பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து போனது. பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஷாம்பூ குளியலகம் நடத்தினார். செயற்கை நுரைப்பொருளில் செய்த ‘டிரீன்’ 1930-களில் அமெரிக்காவில் வந்தது. நம் பக்கம் கடலூர் சின்னி கிருஷ்ணன் சாஷேயில் அடைத்து விற்கும் யோசனையைக் கொண்டுவந்தார்; அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். கிராமத்துத் தலைகளுக்கு ஷாம்பூ போய்ச் சேர்ந்தது அந்தச் சின்ன உறையில்தான். வரலாறு இது போதும்.

ஏழு பாட்டில்களையும் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தோம். ஐந்தில் முதலில் வருவது தண்ணீர், அடுத்தது ஏறத்தாழ ஒரே வகை நுரைப்பொருள். கெரட்டினும் வெங்காயமும் பட்டியலின் வாலில். ‘சல்ஃபேட் இல்லை’ என்ற இரண்டில் வேறு நுரைப்பொருள். கொஞ்சம் மென்மை, வேலை அதேதான். மூன்றில் ஒரு சுவாரசியமான பெயர் இருந்தது: குவார் ஹைட்ராக்சிப்ரொப்பில்ட்ரைமோனியம் குளோரைடு. குவார் என்றால் நாம் சீனியவரைக்காய் என்று சொல்லும் கொத்தவரங்காய். அதன் விதைப் பசைக்கு நேர்மின்னூட்டம் ஏற்றியிருக்கிறார்கள். பாட்டிலுக்குள் நுரைப்பொருள் செறிவாக இருக்கும்வரை கரைந்தே கிடக்கும்; தலையில் தண்ணீர் ஊற்றி அலசும்போது நீர்த்து, திரிந்து, முடியில் படியும். ஷாம்பூவை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இந்தப் பெயர் இருப்பதைப் பார்த்து வாங்கலாம். ஏழும் அறுவடைக்காரர்கள். நடவுக்கு அவள் வீட்டில் ஒரு பாட்டில்கூட இல்லை!

ஆச்சி காலத்துச் செம்பருத்தி இலைத் தாளி? அதன் கொழகொழப்பு குளிக்கிற நேரத்தில் சிக்கெடுக்க நன்றாக உதவும். மின்னூட்டம் ஏற்றிய நாற்றுபோல் வேர் பிடித்து நிற்காது. ஆச்சிக்கு அது போதுமாக இருந்தது, அவள் தலை முழுக்கச் சேம்பிலை.

தேங்காய் எண்ணெய் விஷயம் வேறு. 2003-ல் ரெலே, மொஹிலே என்ற இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் சோதித்து, தேங்காய் எண்ணெய் மட்டுமே கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். இருவரும் மாரிகோ நிறுவனத்தில் இருந்தவர்கள்; பாராசூட் எண்ணெய் விற்கும் நிறுவனம் அது. அதை மனதில் வைத்தே அந்த ஆய்வை வாசிக்க வேண்டும். ஆனால் காரணம் உறுதியானது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம், குட்டையான நேர்சங்கிலி. முடிக்குள் ஊறும், மினரல் ஆயில் ஊறாது. ஊறிய எண்ணெய் தண்ணீர் திடுமென்று உள்ளே பாய்ந்து முடி வீங்குவதைத் தடுக்கும். வயலுக்கு வரப்பு போல. அதனால் எண்ணெய் குளிப்பதற்கு முன், கண்டிஷனர் குளித்த பின்.

"அடுத்த தடவ கெரட்டின் டிரீட்மென்ட் பண்ணிரலாமா மாமா?" என்று கேட்டாள். இதில் நான் கண்டிப்பாக இருந்தேன். அந்தப் பெயரில் முடியை நேராக்குவது பெரும்பாலும் கெரட்டின் அல்ல. பார்மால்டிஹைடு, அல்லது அதற்குப் பதிலாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலம். முதலாவது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். இரண்டாவதைப் பற்றி 2024-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு மருத்துவக் குறிப்பு வந்தது: 26 வயதுப் பெண், மூன்று முறை முடி நேராக்கினார், மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. தோல் வழியாக உள்ளே போய் ஆக்ஸலேட் ஆகிச் சிறுநீரகத்தில் படிகமாகிறது என்று எலிகளில் சோதித்துக் காட்டினார்கள். ‘பார்மால்டிஹைடு இல்லை’ என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் அது முடிவான சான்று ஆகாது.

சாயங்காலம் மளிகைக்கடையிலிருந்து ஒரு கண்டிஷனர் சாஷே வாங்கி வந்தாள். பின்பக்கத்தில் பெஹென்ட்ரைமோனியம் இருப்பதைக் கண்ணைச் சுருக்கிப் படித்துக் காட்டினாள். குளித்து, உலர்த்தி, அதே தட்டில் அதே கற்றையைப் பரப்பினாள். இந்த முறை ஃபில்லர் அவள் கையில். நேராக்கிய பகுதியில் ஒரு சொட்டு விட்டாள். விழுந்ததும் மறையவில்லை. குமிழாகக் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு ஓரங்களில் மெதுவாகப் படர ஆரம்பித்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.