‘குட்’ என்றால் நல்லதில்லை!

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணியபோது, ஆச்சியின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு சுருக்குப் பை விழுந்தது. உள்ளே ஐந்து செம்புச் சக்கரங்கள். ஒரு பக்கம் சங்கு.

திருவிதாங்கூர் ராஜா காலத்தில் எங்கள் நாஞ்சில் நாட்டில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பி.காம். படித்த எனக்கே தலை சுற்றும் கணக்கு!

நான் செய்த முதல் காரியம், நாலு காசைப் புளி போட்டுத் தேய்த்தது. பளபளவென்று நாகர்கோவிலில் ஒரு பழங்காசு வியாபாரியிடம் நீட்டினேன்.

“தம்பி, புளி போட்டுத் தேச்சியளோ?”

“ஆமா... எப்படி மின்னுது பாத்தியளா?”

“விலையையும் சேத்துல்லா தேச்சிட்டிய!”

அப்புறம் பாடம் நடத்தினார். காசை விளிம்பில்தான் பிடிக்கணும். விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கணும். தேய்மானம் முதலில் மேட்டில்தான் தெரியும். சங்கின் வரிகள் எல்லாம் துல்லியமாக இருந்தால் ‘எக்ஸ்ட்ரா ஃபைன்’. மேடு கொஞ்சம் மழுங்கினால் ‘வெரி ஃபைன்’. பாதி வரி போனால் ‘ஃபைன்’. வெறும் உருவக்கோடுதான் மிச்சம் என்றால் ‘குட்’. அதாவது, நாணய உலகத்தில் ‘குட்’ என்பது கடைசி பெஞ்ச்!

அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-ல் இதற்கு 1 முதல் 70 வரை மார்க்கே போட்டு வைத்தார். கழுவித் தேய்த்த காசுக்கு மட்டும் எங்கே போனாலும் மதிப்புக் குறைவுதான். காலத்தின் கறையை மன்னிப்பார்கள். நம் கைவேலையை மன்னிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. திருவிதாங்கூர் வெள்ளி அரை ரூபாயில் ‘1114’ என்றிருந்தால் சோழர் காலத்துக் காசு என்று துள்ளாதீர்கள். அது கொல்லம் ஆண்டு. நம் கணக்கில் 1938-39.

புளிக்குத் தப்பிய ஐந்தாவது காசை எடுத்தேன். “வெரி ஃபைன்தானே?” என்றேன்.

“ஃபைன். விக்கிறவன் ஒரு படி கூட்டித்தான் சொல்லுவான், வாங்குறவன் ஒரு படி குறைப்பான். ரெண்டு பேரும் பாக்கது ஒரே சங்குதான்.”

விற்க மனசு வரவில்லை. காலேஜில் தேய்மானம் என்றால் நஷ்டக் கணக்கு என்று படித்தேன். இந்தச் சங்கைத் தேய்த்ததில் ஆச்சியின் விரலுக்கும் பங்குண்டே, அதை எந்தப் பக்கத்தில் எழுத?

உங்கள் பரணிலும் ஒரு சுருக்குப் பை இருக்கலாம். தயவுசெய்து புளியைக் குழம்புக்கு மட்டும் வையுங்கள்!