அரை மணி தாமதம்

மகன் பள்ளியிலிருந்து திரும்ப அரை மணி தாமதம். தாய் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் துணி மடிக்கிறார். தந்தையோ வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடக்கிறார். பெங்களூரில் பஸ் தாமதமாவது அதிசயமா, என்ன? மகன் வந்ததும் முதுகில் ஓர் அறை!

எளிதில் கலங்கும் இச்சுபாவம் எல்லோரிடமும் கூடவோ குறைவாகவோ உண்டு என்று 1947-லேயே எழுதினார் லண்டன் மனநூல் அறிஞர் ஐசெங்க்.

இத்தகையோருக்குத் தொல்லைகளே அதிகமா, வந்த தொல்லை அதிகமாக வாட்டுகிறதா? அமெரிக்காவில் 339 பேர் 42 நாட்கள் எழுதிய தினக்குறிப்புகளை ஆராய்ந்த போல்ஜரும் ஷில்லிங்கும் 1991-ல் சொன்ன விடை: இரண்டும்தான், ஆனால் வாட்டத்துக்கே இரு மடங்கு பங்கு.

தெருமுனை நடை அந்த வாட்டம். முதுகில் விழுந்த அறை, புதிதாக வரவழைத்த தொல்லை. "வீணாகக் கவலைப்படாதீர்கள்" என்றால் நடை நிற்காது. "பஸ் ஏறியதும் அப்பாவுக்குப் போன் செய்" என்று மகனிடம் சொல்லி வைக்கலாம்.