பதிவான விரிவுரையும் பதியாத பாடமும்

ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் நூல்கள் கையால் எழுதப்பட்டவை, விலையும் மிகுதி. ஆதலின் ஆசிரியர் நூலை வாசிப்பார், மாணாக்கர் செவிமடுப்பர். விரிவுரையைக் குறிக்கும் 'லெக்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லும், வாசித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. அச்சு நூல்கள் பெருகிய பின்னரும் விரிவுரை மண்டபம் வெறுமையாகவில்லை. இன்றோ பல பல்கலைக்கழகங்கள் விரிவுரைகளை ஒலியும் காட்சியுமாகப் பதிவுசெய்து வழங்குகின்றன. இனி மாணாக்கர் மண்டபத்துக்கு வருவரோ என்னும் ஐயம் ஆசிரியரிடையே எழுந்துள்ளது.

பதிவினால் விளையும் நன்மை சிறிதன்று. நோயுற்றோர், தொழில் செய்துகொண்டே கற்போர், பிறமொழியிற் பயில்வோர் ஆகியோருக்கு அது பெருந்துணை. விளங்காத இடத்தில் நிறுத்தலாம், மீண்டுங் கேட்கலாம். ஆயினும் மண்டபத்துக்கு ஒரு குறித்த நேரமுண்டு, பதிவுக்கு அஃதில்லை. நாளை கேட்போமென்று தள்ளிவைத்தவை பரீட்சைக் காலத்தில் மலைபோற் குவிந்துவிடும். வராமை அன்று, இத்தள்ளிவைத்தலே முதற் கேடு.

மண்டபமின்றியும் உயர்கல்வி புகட்டலாம் என்பதற்குப் பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் சான்றாகும். 1971 இல் கற்பித்தலைத் தொடங்கிய அது, பி.பி.சி.யின் வானொலியையும் தொலைக்காட்சியையும் பயன்படுத்திற்று. ஆனால் ஒலிபரப்பே போதுமென்று அமையவில்லை. அச்சிட்ட பாடங்கள், குறித்த தினத்துள் அனுப்பவேண்டிய ஒப்படைகள், அவற்றைத் திருத்தும் ஆசிரியர், கோடைகால வகுப்புகள் என்பனவும் உடனிருந்தன. மண்டபத்தின் ஒழுங்கு வேறு வடிவிற் பேணப்பட்டது.

இரண்டாவது கேடு, கேட்டதையே கற்றதாகக் கொள்ளுதல். 2013 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கும். பதிவுசெய்த புள்ளிவிபரவியல் விரிவுரையொன்றை அவர்கள் நான்கு கூறாகப் பிரித்தனர். ஒவ்வொரு கூறின் முடிவிலும் சிலர் வினாக்களுக்கு விடையெழுதினர். வேறு சிலர் அவ்வினாவிடைகளை வெறுமனே பார்வையிட்டனர். விடையெழுதியோரின் மனம் அலைவது குறைந்தது. அவர்கள் குறிப்பெடுப்பது கூடிற்று. இறுதிச் சோதனையிலும் அவர்களே மேம்பட்டனர். பதிவு எல்லாருக்கும் ஒன்றே. அதனைப் பயன்படுத்திய முறையே வேறு.

ஆகவே பதிவை ஒழிப்பதும் வேண்டா. அதனையே ஆசிரியராக்குவதும் வேண்டா. இயன்றவர் மண்டபத்திற் கேட்டு, ஐயத்தை அங்கேயே வினவுதல் நன்று. இயலாதவர் அவ்வாரத்துக்குள்ளேயே பதிவைக் கேட்டு, இடையிடையே நிறுத்தி, குறிப்பைப் பாராமல் நினைவிலுள்ளதை எழுதிப் பார்த்தல் வேண்டும். எழுத வராத இடந்தான் மறுமுறை கேட்கவேண்டிய இடம்.