தனியாக வாழாத மீன்

கொல்கத்தாவில் காலிஃப் தெரு இருக்கிறது. அங்கே ஞாயிறுதோறும் வளர்ப்புப் பிராணிகள் சந்தை கூடும். கூலி வேலை செய்யும் ஒருவர் மகளோடு அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கண்ணாடிக் கிண்ணம், இரண்டு ஜீப்ரா மீன், ஒரு தங்க மீன் வாங்குகிறார். பத்தே நாளில் மூன்றும் செத்து மிதக்கின்றன. வீட்டுக்கு மீன் ராசியில்லை என்கிறார்கள். மகள் அழுகிறாள். காசும் போயிற்று.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜீப்ரா மீன் நம் நாட்டு மீன். கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல்களிலும் கூட்டமாகத் திரியும். கோசி ஆற்றில் கண்ட இதைப் பற்றி 1822-இல் ஹாமில்டன் என்பவர் எழுதினார். நீளம் 4, 5 சென்டிமீட்டர்தான். ஆனால் ஓயாமல் ஓடும். இரண்டு மட்டும் இருந்தால், வலுவானது மற்றதைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஆறு, எட்டு இருந்தால் அந்தத் துரத்தல் பங்கு பிரிந்துவிடும்.

ஓடுகிற மீனுக்கு உயரத்தைவிட நீளம் முக்கியம். இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள தொட்டி போதும். எத்தனை லிட்டர் பிடிக்கும்? கணக்குப் போடுங்கள். 60 × 30 × 30 = 54,000. இதை 1,000-ஆல் வகுத்தால் 54 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆட்டம் காணும் ஸ்டூலில் இதை வைக்கலாமா?

கிண்ணத்தில் தண்ணீர் குறைவு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. கொஞ்சம் தண்ணீரில் அது சீக்கிரம் ஏறிவிடும். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரையைக் குறைத்துப் போட வேண்டும். தண்ணீரில் கால் பங்கை அடிக்கடி மாற்ற வேண்டும்.

துணை யார்? தங்க மீன் வேண்டாம். அது ஒரு சாண் வரை வளரும். கழிவும் அதிகம். சிறு மீனை விழுங்கியும் விடும். ஃபைட்டர் மீனும் வேண்டாம். அதன் தொங்கும் துடுப்பை ஜீப்ரா கடிக்கும். சாதுவான செர்ரி பார்ப் ஒத்துப்போகும். அதையும் ஐந்தாறாகத்தான் விட வேண்டும்.

ஜீப்ரா துள்ளிக் குதிக்கும். தொட்டிக்கு மூடியோ வலையோ அவசியம் போடுங்கள்.